நொச்சி சூடியவர்கள்

என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்த மாணவர் ஒருவர் சில ஆண்டுகளாக மான்செஸ்டரில் கணினித் துறையில் வேலை பார்க்கிறார். கல்லூரி நாட்களில் செய்யுளைவிடக் கால்பந்தில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். இப்போது மான்செஸ்டர் சிட்டி அணியின் ஆட்டங்களுக்குத் தவறாமல் போகிறவராகிவிட்டார். ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, மைதானத்துக்கு அருகே ஒரு மதுக்கடையில் கேட்ட சண்டை ஒன்றை விவரித்தார். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை. அணியின் வரலாற்றில் மிகச் சிறந்த கோல்கீப்பர் யார் என்பது வழக்கு. தாத்தா பெர்ட் ட்ரவுட்மன் கட்சி. மகன் ஜோ காரிகன் கட்சி. பேரனுக்கோ எடர்சனைத் தவிர வேறொருவரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கியும் வழக்கு முடியவில்லையாம். எழுந்து போகும்போது தாத்தா சொன்னாராம், தன் தந்தை உயிரோடிருந்தால் மூவரையும் ஒதுக்கிவிட்டு ஃப்ராங்க் ஸ்விஃப்ட் என்றிருப்பார் என்று.

"ஆடிப் பார்க்காத ஆளைப் பற்றி எப்படி ஐயா தீர்ப்புச் சொல்றது?" என்று கேட்டார் மாணவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது ஆண்டுகளாக நான் வகுப்பறையில் செய்துவருவது அதுதானே. கண்ணால் பார்க்காதவர்களை, காலத்தையே உறுதியாகச் சொல்லமுடியாதவர்களை, முழு நூல்கூடக் கிடைக்காதவர்களை வரிசைப்படுத்திப் பெரியவர் சிறியவர் என்று பேசிச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த அழைப்புக்குப் பிறகு இந்த நான்கு பேரைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். விளையாட்டின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் சான்றுகள் எப்படி உருவாகின்றன, எவை எஞ்சுகின்றன என்பதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. அந்த அளவில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சிறு விலகல். நம் புறத்திணை மரபில் மதிலை முற்றுகையிடுவோர் சூடுவது உழிஞை, உள்ளிருந்து மதிலைக் காப்போர் சூடுவது நொச்சி. தொல்காப்பியம் காப்போருக்கென்று தனித்திணை தரவில்லை. உழிஞைக்குள்ளேயே அவர்களை அடக்கிவிட்டது. புறப்பொருள் வெண்பாமாலையில்தான் நொச்சி தனித்திணையாக நிற்கிறது. கால்பந்தின் ஏடுகளும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கோல் அடித்தவனின் பெயரும் நிமிடமும் ஆட்டக் குறிப்பில் பதிவாகும். தடுத்தவனுக்கு அந்தக் குறிப்பில் இடமே கிடையாது. நொச்சி மறவனின் வரலாறு என்பது அவன் தோற்ற நேரங்களின் பட்டியல்.

ஸ்விஃப்டிலிருந்து தொடங்கலாம். 1913இல் பிளாக்பூலில் பிறந்தவர். 1933ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று சிட்டியின் முதல் அணியில் இறங்கினார். நான்கே மாதத்தில், 1934 ஏப்ரல் 28 அன்று, வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். எதிரணி போர்ட்ஸ்மவுத். வயது இருபது. அன்று மழை. கையுறை போடுவதா வேண்டாமா என்று அவருக்குத் தயக்கம். எதிர்ப்பக்கத்து கோல்கீப்பர் போடவில்லை என்பதைப் பார்த்துத் தானும் போடாமல் விட்டார். முதல் பாதியில் ஈரப்பந்து ஒன்று அவர் கையில் பட்டு வழுக்கி வலைக்குள் போனது. இடைவேளையில் உடைமாற்றும் அறையில் தன்னையே நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் ஃப்ரெட் டில்சன், கவலைப்படாதே, நான் இரண்டு போடுகிறேன் என்றார். போடவும் செய்தார். கடைசி நிமிடங்களில் கோலுக்குப் பின்னால் இருந்த புகைப்படக்காரர்கள் இன்னும் இத்தனை நிமிடம் என்று ஸ்விஃப்டுக்கு எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விசில் ஊதியதும் அந்த ஆறடிக்கு மேற்பட்ட உடல் மயங்கிப் புல்லில் விழுந்தது. பிறகு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவர் உடல்நலம் விசாரித்துத் தந்தி அனுப்பினார்.

ஸ்விஃப்டைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதை இது ஒன்றுதான். கவனியுங்கள், இதில் அவர் தடுத்த பந்து ஒன்றுகூட இல்லை. வழுக்கிய பந்தும் மயக்கமும் மட்டுமே இருக்கின்றன.

அவருடைய சாதனைகள் சிறியவை அல்ல. 1937இல் சிட்டி முதன்முறையாக லீக் பட்டம் வென்றபோது கோலில் நின்றவர் அவர். மறு ஆண்டே, அந்தப் பிரிவில் வேறெந்த அணியையும்விட அதிகமாக, 80 கோல் போட்டும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அந்த விபரீதத்தையும் கோலில் நின்று பார்த்தார். விரித்த கை ஏறக்குறைய ஒரு அடி நீளம். ஒரு கையால் பந்தைக் கவ்வுவார். கவ்வியதைக் கண்மூடி உதைத்துத் தள்ளாமல், ஆளில்லாமல் நிற்கும் தன் அணிக்காரரைத் தேடித் தூர எறிவார். உதைத்துக் கடத்துவதே கோல்கீப்பரின் கடமை என்றிருந்த காலம் அது. இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்திரண்டு வரை, ஒரு காவலனின் நல்ல பருவம் முழுவதையும் போர் எடுத்துக்கொண்டது. போருக்குப் பிறகுதான் இங்கிலாந்து அணிக்கு 19 முறை ஆடினார். 1948 மே மாதம் டூரினில் இத்தாலியை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் அவரே தலைவர். கோல்கீப்பர் ஒருவர் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்குவது அன்று அரிதினும் அரிது. அன்று எதிர்க் கோலில் நின்றவர் வலேரியோ பாசிகலூப்போ. மறு ஆண்டு டொரினோ அணியினர் வந்த விமானம் சுபெர்கா குன்றில் மோதியபோது அவரும் இறந்தார். இதை இங்கே குறிப்பதற்குக் காரணம் உண்டு, பின்னர் வருகிறேன்.

1949இல் ஸ்விஃப்ட் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு அக்டோபரில் அந்த இடத்துக்குச் சிட்டி நிர்வாகம் கொண்டுவந்தது ஒரு ஜெர்மானியரை.

பெர்ன்ஹார்ட் ட்ரவுட்மன் 1923இல் பிரேமனில் பிறந்தவர். பள்ளி வயதிலேயே ஹிட்லரின் சிறுவர் அமைப்பில் சேர்ந்து, பதினேழு வயதில் விமானப்படைக்குப் போய், அங்கிருந்து பாராசூட் வீரராகி, கிழக்குப் போர்முனையில் மூன்றாண்டுகள் சண்டையிட்டவர். இரும்புச் சிலுவை பெற்றவர். 1945இல் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். விசாரித்தவர்கள் நாஜிக் கொள்கையில் ஊறியவர்களுக்கான 'சி' பிரிவில் அவரை எழுதினார்கள். லங்காஷயர் முகாமில் கைதிகள் கால்பந்து ஆடியபோது நடுக்களத்தில் அடிபட்டு, கோல்கீப்பரோடு இடம் மாறி நின்றதில் தொடங்கியது அவருடைய காவல். பெயரை ஆங்கிலேயர் வாய் 'பெர்ட்' ஆக்கியது. 1948இல் ஊர் திரும்ப வாய்ப்பிருந்தும் போகவில்லை. பண்ணையில் வேலை செய்தார், வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணியில் இருந்தார், செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிற்றணிக்கு ஆடினார்.

அந்த ஆண்டு மான்செஸ்டர் எப்படி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1941இல் ஜெர்மன் குண்டுகள் யுனைடெட் அணியின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தை உடைத்தன. எட்டாண்டு காலம் யுனைடெட், சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில் ஒண்டியிருந்தது. சீரமைத்த மைதானத்துக்கு அவர்கள் திரும்பிப்போனது 1949 ஆகஸ்டில். இரண்டே மாதத்தில் மெய்ன் ரோட்டுக்கு ஒரு ஜெர்மன் பாராசூட் வீரர் வருகிறார். லண்டனுக்கு வெளியே பெரிய யூதச் சமூகங்களில் ஒன்று வாழும் நகரம் வேறு. எதிர்ப்பு தெருவுக்கு வந்தது. பருவச் சீட்டைத் திருப்பித் தருவோம் என்று கடிதங்கள் குவிந்தன. அணித் தலைவர் எரிக் வெஸ்ட்வுட் நார்மண்டியில் போரிட்டவர். உடைமாற்றும் அறைக்குள் போருக்கு இடமில்லை என்ற பொருளில் அவர் சொன்ன சொல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

என்னை அதிகம் நிறுத்தியது வேறொரு குரல். மான்செஸ்டர் யூதச் சமூகத்தின் ரபி அலெக்சாண்டர் ஆல்ட்மன். பெர்லினில் பணியாற்றி 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். பெற்றோரை அவர்கள் கொன்றுவிட்டார்கள். பிற்காலத்தில் யூதத் தத்துவ ஆய்வில் பெரும் பெயர் பெற்ற அறிஞர். அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தாங்கள் பட்ட கொடுமைகளுக்காக, அவற்றோடு தொடர்பில்லாத ஒரு தனி ஜெர்மானியரை வெறுப்பினால் தண்டிக்கக்கூடாது, ஒவ்வொருவரையும் அவரவர் தகுதியைக் கொண்டே நிறுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தக் கடிதத்தோடு எதிர்ப்பு கரைந்துபோனதாக எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை. 'தொடர்பில்லாத' என்ற சொல் என்னைத் தடுக்கிறது. 1941இல் உக்ரைனில் ஒரு காட்டில் மக்களைக் குழிக்கு அருகே நிறுத்திச் சுட்டுக் கொன்றதைத் தானும் ஒரு தோழரும் மறைந்திருந்து பார்த்ததாக ட்ரவுட்மன் முதுமையில் சொல்லியிருக்கிறார். அவர் சுடவில்லை. பார்த்தார், ஓடினார், தொடர்ந்து அதே படையில் போரிட்டார். அப்போது வயது பதினெட்டு. 1949இல் ஆல்ட்மனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் அந்தச் சொல்லை எழுதியிருப்பாரா? கடிதத்தின் இன்னொரு வாக்கியம் அப்போதும் நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொருவரையும் தனித்து நிறுத்து என்பது விடுதலை கொடுக்கும் வாக்கியம் அல்லவே, விசாரணைக்கு அழைக்கும் வாக்கியம். ட்ரவுட்மன் பதினைந்து ஆண்டுகள், 545 ஆட்டங்கள், அந்த விசாரணைக் கூண்டில் நின்றார் என்று சொல்லத் தோன்றுகிறது.

1956க்கு வருவோம். தாத்தாவின் வழக்கே அதில்தான் நிற்கிறது. மே 5, வெம்ப்ளி, எதிரணி பர்மிங்ஹாம் சிட்டி. ஆட்டம் முடிய 17 நிமிடம் இருக்கையில் பீட்டர் மர்ஃபியின் காலடியில் பந்தைப் பறிக்கப் பாய்ந்த ட்ரவுட்மனின் கழுத்தில் மர்ஃபியின் முழங்கால் மோதியது. நினைவிழந்தார், எழுந்தார், தள்ளாடியபடி மிச்ச நேரமும் காத்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி கிடையாது. அவர் வெளியேறினால் களத்திலிருந்து ஒருவர் கோலில் நின்று பத்துப் பேராக ஆடவேண்டியதுதான். சிட்டி 3-1 என்று வென்றது. பதக்கம் வாங்கினார், விருந்துக்கும் போனார். நான்கு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது கழுத்தெலும்பில் ஐந்து முள்ளெலும்புகள் இடம் பெயர்ந்து, அவற்றில் ஒன்று இரண்டாகப் பிளந்திருப்பது தெரிந்தது. இன்னொரு எலும்பு அதன்மேல் ஆப்பு போல இறுகியதால்தான் உயிர் தப்பியிருக்கிறார். சில வாரங்களில் அவருடைய ஐந்து வயது மகன் கார் மோதி இறந்தான். இதற்குமேல் ஒரு காவியத்துக்கு என்ன வேண்டும்? 2018இல் திரைப்படமாகவும் வந்துவிட்டது.

ஆனால் கழுத்து முறிந்தது என்பது கோல்கீப்பிங் அல்ல. முறிந்திருப்பது நான்கு நாள் வரை அவருக்கே தெரியாது. அந்தப் பதினேழு நிமிடங்களில் இருந்தது வலி, மங்கிய பார்வை, இடத்தை விட்டுப் போகக்கூடாது என்ற பிடிவாதம். வீரத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ணவேண்டாம். அந்தக் காயம் மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டது என்பதே என் வருத்தம். கால்பந்து எழுத்தாளர் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக, கோல்கீப்பர்களில் முதல்வராக, வெளிநாட்டவரிலும் முதல்வராகத் தேர்ந்தெடுத்தது அந்த இறுதியாட்டத்துக்கு முன்பு. கழுத்து முறியாமல் இருந்திருந்தாலும் அவர் அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்தான். இதை யாரும் சொல்வதில்லை.

இங்கேதான் சான்று பற்றிய கேள்வி வருகிறது. அந்தக் காலத்துச் செய்திப்படங்கள் ஓர் ஆட்டத்துக்குச் சில நிமிடங்களே ஒதுக்கின. அந்தச் சில நிமிடங்களில் கோல்கள் இருக்கும், மன்னர் கைகுலுக்குவது இருக்கும், யாராவது விழுந்தால் அதுவும் இருக்கும். தடுக்கப்பட்ட பந்துகளில் பெரும்பாலானவை வெட்டறையின் தரையோடு போயின. ஆகவே கோல்கீப்பரைப் பொறுத்தவரை ஆவணக் காப்பகம் நடுநிலையானதல்ல. அவன் தோற்றதைப் பத்திரமாக வைத்திருக்கும், வென்றதை விட்டுவிடும். எண்களும் அப்படியே. 1957-58 பருவத்தில் சிட்டி 104 கோல் போட்டு 100 கோல் வாங்கியது. இங்கிலாந்தின் முதல் பிரிவில் இரண்டு பக்கமும் நூறைத் தொட்ட அணி வேறில்லை. அந்த ஆண்டும் அணியின் முதன்மைக் காவலர் ட்ரவுட்மன்தான். அந்த 100ஐ வைத்து அவரை எடைபோட்டால் என்ன கிடைக்கும்? முன்னால் நின்றவர்கள் எல்லோரும் உழிஞை சூடிக்கொண்டு ஓடிவிட்ட ஒரு கோட்டையின் படம்தான் கிடைக்கும்.

காப்பகத்தின் இந்த ஓரவஞ்சனைக்கு முழுதாகப் பலியானவர் ஜோ காரிகன். 1970 மார்ச்சில் வெஸ்ட் ஹாமுடன் நடந்த ஆட்டம். பந்தை வெளியே உதைத்துவிட்டு, திரும்பித் தன் கோலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ரானி பாய்ஸ் அதைத் தரையில் விழவிடாமல் அப்படியே திருப்பி அடிக்க, பந்து தலைக்கு மேலே பறந்து வலையில் விழுந்தது. தொலைக்காட்சி வந்துவிட்ட காலம். நாடே பார்த்துச் சிரித்தது, இன்றும் யாராவது ஒருவர் எங்காவது பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அதே ஆண்டு சிட்டி ஐரோப்பியக் கோப்பையாளர் கோப்பையை வென்றதும் இதே காரிகன் கோலில் நின்றுதான். சொந்த ரசிகர்களின் கேலியையும் தாங்கிக்கொண்டு, 1983 வரை நின்று, 600 ஆட்டங்களைத் தாண்டினார். 1981 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆட்டநாயகன் அவரே. மறு ஆட்டத்தில் அணி தோற்றது. ஷில்டன், கிளெமன்ஸ் இருவரும் இருந்த தலைமுறையில் பிறந்ததால் இங்கிலாந்துக்கு 9 ஆட்டம்தான் வாய்த்தது. அந்த மகனின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. சரிந்து விழுந்த இடத்திலேயே மீண்டும் எழுந்து நின்று கட்டிய பெயர் அது.

எடர்சன் விஷயத்தில் சான்றுக்குப் பஞ்சமே இல்லை. 2017இலிருந்து 2025 வரை ஆறு பிரீமியர் லீக் பட்டங்கள். 2023இல் இஸ்தான்புல் இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் இன்டர் மிலானின் தலைமுட்டுகளைத் தடுத்துக் கிடைத்த சாம்பியன்ஸ் லீக். ஒவ்வொரு அசைவும் பல கேமராக்களில் இருக்கிறது. பின்னர் துருக்கியின் ஃபெனர்பாச்சேவுக்குப் போய்விட்டார். அவரைப் புரட்சியாளர் என்கிறார்கள், காலால் ஆடும் கோல்கீப்பர், தாக்குதலைத் தொடங்கி வைப்பவர் என்று. பேரன் இதைத்தான் ஓங்கிச் சொன்னானாம்.

தாத்தா இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியும், சொல்லவில்லை. ஐம்பதுகளில் டான் ரிவீயை முன்னணியிலிருந்து பின்னிழுத்து நிறுத்திச் சிட்டி ஆடிய முறைக்கு 'ரிவீ திட்டம்' என்றே பெயர். அந்தத் திட்டம் ட்ரவுட்மனின் கையில் தொடங்கியது. பந்தை நடுக்களத்துக் கென் பார்ன்ஸ் போன்றவர்களுக்குக் குறிபார்த்து எறிவார், அங்கிருந்து அது ரிவீக்குப் போகும். சிறுவயதில் கைப்பந்து ஆடிய தோள் அவருக்கு. அந்த எறிதலை மெய்ன் ரோட்டுக்கு முதலில் பழக்கியவர் ஸ்விஃப்ட். எடர்சனுக்கு முன் அதே அணியில் இரண்டு பேர் கோல்கீப்பரைத் தாக்குதலின் முதல் ஆளாக ஆக்கியிருந்தார்கள், கையால். நம்மிடம் தகடூர் யாத்திரை என்றொரு நூல் உண்டு. முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டுத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் எடுத்தாண்ட பாடல்களால் மட்டுமே அது இருந்ததை அறிகிறோம். ஸ்விஃப்டையும் அப்படித்தான் தேடவேண்டியிருக்கிறது, ட்ரவுட்மனின் தோளில்.

என் ஓட்டு யாருக்கு என்று மாணவர் விடவில்லை. சொன்னேன். ட்ரவுட்மனுக்கு. ஆனால் வெம்ப்ளிக்காக அல்ல. 1950 ஜனவரியில் ஃபுல்ஹாமின் கிரேவன் காட்டேஜ் மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்துக்காக. லண்டனில் அவருக்கு அது முதல் ஆட்டம். ஜெர்மன் குண்டுகளின் தழும்பு மாறாத நகரம். கூட்டம் அவரை இனப்பெயர் சொல்லியும் நாஜி என்றும் வைதது. சிட்டி அந்தப் பருவத்தில் மிக நலிந்த அணி, கடைசியில் இரண்டாம் பிரிவுக்கே இறங்கியது. அன்று பெருந்தோல்வி வரும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ட்ரவுட்மன் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்துக்கொண்டே இருந்தார். முடிவு 1-0, ஃபுல்ஹாம் வென்றது. அவர் வெளியேறும்போது கூட்டம் எழுந்து நின்றது. இரு அணி ஆட்டக்காரர்களும் வரிசையாக நின்று கைதட்டி அவரை அனுப்பினார்கள். தோற்ற ஆட்டம், கோப்பை கிடையாது, காயமும் கிடையாது. வெறும் கோல்கீப்பிங் மட்டுமே இருந்த ஒரு மாலை. வைத வாய்கள் தொண்ணூறு நிமிடத்தில் மாறியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

"அப்ப ஸ்விஃப்ட்?" என்றார்.

ஸ்விஃப்ட் ஓய்வுக்குப் பிறகு செய்தியாளரானார். 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' பத்திரிகைக்காக 1958 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அணியோடு பெல்கிரேடுக்குப் போனார். திரும்பும் வழியில், 6ஆம் தேதி, மியூனிக் விமான நிலையத்தில் அந்த விமானம் மேலெழ முடியாமல் நொறுங்கியது. மொத்தம் 23 உயிர்கள். எட்டு ஆட்டக்காரர்கள், எட்டுச் செய்தியாளர்கள். செய்தியாளர்களில் ஒருவர் ஸ்விஃப்ட், வயது 44. டூரினில் எதிரெதிரே நின்ற இரண்டு கோல்கீப்பர்களும் இப்படியே போனார்கள். படுகாயத்தோடு பிழைத்த யுனைடெட் மேலாளர் மாட் பஸ்பி, 1934 வெம்ப்ளியில் ஸ்விஃப்ட் மயங்கி விழுந்தபோது அதே சிட்டிச் சட்டையில் களத்தில் இருந்தவர். மியூனிக் யுனைடெட்டின் துயரமாக நினைவுகூரப்படுகிறது. அது இயல்பே. ஆனால் சிட்டியின் மகத்தான காவலர் ஒருவர் அண்டை அணியின் இறந்தோர் பட்டியலில், அதுவும் ஆட்டக்காரர்களுக்குக் கீழே பத்திரிகையாளர் வரிசையில், ஒரு பெயராகிவிட்டார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1964 ஏப்ரல் 15 அன்று, ட்ரவுட்மனுக்கு மெய்ன் ரோட்டில் பிரியாவிடை ஆட்டம் நடந்தது. ஏறக்குறைய 48,000 பேர் வந்திருந்தார்கள். சிட்டியும் யுனைடெட்டும் கலந்து ஓர் அணி. எதிரே ஸ்டான்லி மாத்யூஸ், டாம் ஃபின்னி முதலியோர் அடங்கிய இன்னோர் அணி. ட்ரவுட்மனின் பக்கத்தில் ஆடியவர்களில் ஒருவர் பாபி சார்ல்டன். மியூனிக்கில் ஸ்விஃப்ட் இறந்த அதே விமானத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்.